பிளேஆஃப் கணிப்பும் சென்னை ரசிகர்களும்

இந்தியன் பிரீமியர் லீக் எனப்படும் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடரில், லீக் ஆட்டங்கள் முடிந்தபின் முதல் 4 அணிகள் மோதும் இறுதிக் கட்டமே பிளேஆஃப் ஆகும். எந்த 4 அணிகள் உள்ளே வரும், அவற்றுள் எது கோப்பையை வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்ப்பது 2008 முதல் சென்னை ரசிகர்களின் கோடைக்கால வழக்கமாக இருந்துவருகிறது. ஏப்ரல் இறுதியில் தொடங்கும் இந்தப் பேச்சு, மே மாத நடுவில் உச்சத்தை அடைகிறது. அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளின் தேநீர்க் கடைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் "நாம ஜெயிக்கணும், அவங்க தோக்கணும், ரன் ரேட்டும் கீழே போகக்கூடாது" என்ற வகைப் பேச்சை அந்த நாட்களில் கேட்கலாம். இவ்வழக்கத்தின் வரலாற்றையும் அதன் பின்னுள்ள கணக்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அபிராமபுரத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு பக்கத்துவீட்டுத் தொடர்பு போன்றது. 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கிய இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தின் கோரமண்டல் டவர்ஸ் கட்டிடம், அருகிலுள்ள ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. மந்தைவெளி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால், திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி ஆகிய நிலையங்களைக் கடந்து சேப்பாக்கத்தில் இறங்கலாம். ஆட்ட நாட்களில் இந்தப் பாதை முழுவதும் மஞ்சள் சட்டைகளைக் காணலாம்.

விரிச்சியும் கணக்கும்

ஒரு போட்டியின் முடிவை முன்கூட்டி அறிய விரும்புவது புதிய ஆசை அன்று. சங்க இலக்கியத்தில் இதற்கு 'விரிச்சி கேட்டல்' என்று பெயர். போருக்குச் சென்ற தலைவன் வென்று திரும்புவானா என்று அறிய, முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் மலரும் தூவி வழிபட்டு, அயலார் வாயிலிருந்து தற்செயலாக வரும் நற்சொல்லுக்காகக் காத்திருப்பர். முல்லைப்பாட்டு இக்காட்சியைக் காட்டுகிறது. தொல்காப்பியம் விரிச்சியை வெட்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

விரிச்சி கேட்பவர் நடுநிலையானவர் அல்லர். தம் பக்கம் வெல்ல வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் அவர் காது கொடுக்கிறார். கணக்குப் போடுபவரோ தமக்குப் பிடிக்காத விடை வந்தாலும் அதை ஏற்க வேண்டும். கிரிக்கெட் ரசிகரின் கணிப்பில் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன. எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தக் கணிப்பின் தரம் அமைகிறது.

ஐ.பி.எல்.லுக்கு முன் சேப்பாக்கம்

ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கிடையே நடந்தது. அது ஒரே நாளில் முடிந்துபோனது. அதே 1934ஆம் ஆண்டு சேப்பாக்கம் தன் முதல் டெஸ்ட் போட்டியையும் கண்டது. பிற்காலத்தில் பொங்கலையொட்டி நடந்த டெஸ்ட் போட்டிகள் நகரத்தின் விழா நாட்களில் ஒன்றாயின. ஆகாசவாணியின் தமிழ் வர்ணனையைக் கேட்டபடி, 4ஆம் நாள் பந்து எவ்வளவு சுழலும், 5ஆம் நாள் எத்தனை விக்கெட் விழும் என்று வீட்டுத் திண்ணைகளில் கணித்தவர்கள் பலர்.

டெஸ்ட் போட்டியில் பொதுவாக வெற்றி, தோல்வி, டிரா ஆகிய 3 முடிவுகளையே ரசிகர் எண்ணிப் பார்ப்பார். 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கம் 4ஆவது முடிவைக் காட்டியது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 347 ரன்னில் ஆட்டமிழந்தது. ஆட்டம் 'டை' ஆனது. 1960இல் பிரிஸ்பேனில் நடந்த போட்டிக்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் இது 2ஆவது டை ஆகும். கணிப்பவர் தம் பட்டியலில் சேர்க்கவே மறந்த முடிவும் வரக்கூடும் என்பதற்குச் சென்னையில் இதைவிட நல்ல சான்று இல்லை.

அக்காலக் கணிப்புக்கும் பின்னால் வந்த பிளேஆஃப் கணிப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. டெஸ்ட் போட்டியில் கண் முன்னே நடக்கும் ஓர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். லீக் தொடரில், நம் அணி ஆடாத நாளில் வேறு ஊரில் வேறு 2 அணிகள் ஆடும் ஆட்டமும் நம் தலைவிதியைத் தீர்மானிக்கும். ஆகவே ரசிகர் புள்ளிப் பட்டியலைப் படிக்கப் பழக வேண்டியதாயிற்று.

அரையிறுதிக் காலம்: 2008 முதல் 2010 வரை

முதல் 3 ஆண்டுகளில் ஐ.பி.எல். தொடரில் 8 அணிகள் ஆடின. லீக் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள். முதல் 4 இடங்களைப் பிடித்த அணிகள் நேரடியாக அரையிறுதியில் மோதின. தோற்ற அணிக்கு மறுவாய்ப்பு கிடையாது.

இந்த முறையில் கணிப்பது மிகக் கடினமாக இருந்தது. 2008இல் பட்டியலில் முதலிடம் பெற்ற ராஜஸ்தான் ராயல்ஸ், இறுதிப் போட்டியில் சென்னையைக் கடைசிப் பந்தில் 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 2009இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த தொடரில், 4ஆம் இடத்தில் இருந்த டெக்கான் சார்ஜர்ஸ் கோப்பையை வென்றது. அந்த அணி முந்தைய ஆண்டு 8 அணிகளில் கடைசி இடத்தில் இருந்தது. 2010இல் 3ஆம் இடத்தில் இருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் வென்றது. முதலிடம், 4ஆம் இடம், 3ஆம் இடம் என மூன்று ஆண்டுகளில் மூன்று விதமான விடைகள்.

2010இல் சென்னை அரையிறுதிக்கு வந்த விதமே கணிப்புக்கு அடங்காதது. ஏப்ரல் 18 அன்று தர்மசாலாவில் நடந்த கடைசி லீக் ஆட்டத்தில் பஞ்சாப் அணி 192 ரன் குவித்தது. தோற்றால் சென்னை வெளியே. கடைசி ஓவரில் 16 ரன் தேவைப்பட்டது. மகேந்திர சிங் தோனி 2 பந்துகள் மீதமிருக்கும்போதே ஆட்டத்தை முடித்தார். அவர் 29 பந்துகளில் 54 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அந்த ஆண்டு சென்னை, பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா ஆகிய 4 அணிகளும் 14 புள்ளிகளோடு சமமாக நின்றன. அவற்றுள் 2 அணிகள் உள்ளே வந்தன, 2 வெளியேறின.

பேஜ் முறை: 2011 முதல்

2011இல் அரையிறுதி முறை கைவிடப்பட்டு இன்றைய பிளேஆஃப் முறை வந்தது. முதல் 2 இடத்தில் உள்ள அணிகள் முதல் குவாலிஃபையரில் மோதும். வென்ற அணி நேராக இறுதிக்குச் செல்லும். 3, 4ஆம் இடத்து அணிகள் எலிமினேட்டரில் மோதும். அதில் தோற்ற அணி வெளியேறும். முதல் குவாலிஃபையரில் தோற்ற அணியும் எலிமினேட்டரில் வென்ற அணியும் 2ஆம் குவாலிஃபையரில் மோதும். அதில் வென்ற அணி இறுதிக்குள் நுழையும்.

இது கிரிக்கெட்டில் பிறந்த முறை அன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியன் கால்பந்து லீக் 1931இல் இதைப் பின்பற்றத் தொடங்கியது. ரிச்மண்ட் சங்கத்தைச் சேர்ந்த பெர்சி பேஜ், இதை வடிவமைத்த கென் மெக்கின்டயர் ஆகியோர் பெயரால் இது பேஜ்–மெக்கின்டயர் முறை எனப்படுகிறது. லீக் சுற்றில் நன்றாக ஆடிய அணிக்கு ஒரே ஒரு மோசமான நாளால் எல்லாம் பறிபோகக்கூடாது என்பது இதன் அடிப்படை எண்ணம்.

இந்த மாற்றம் கணிப்பை எப்படி மாற்றியது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 4 அணிகளும் சம பலம் கொண்டவை, ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போன்றது என்று வைத்துக்கொள்வோம். பழைய அரையிறுதி முறையில் ஒவ்வோர் அணியும் 2 ஆட்டம் வெல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 1/2 × 1/2 = 1/4, அதாவது 25 சதவீதம்.

புதிய முறையில் 3, 4ஆம் இடத்து அணிகள் 3 ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். வாய்ப்பு 1/8, அதாவது 12.5 சதவீதம். முதல் 2 இடத்து அணிகளுக்கோ 2 வழிகள் உண்டு. முதல் குவாலிஃபையரையும் இறுதியையும் வெல்வது ஒரு வழி. அதன் வாய்ப்பு 1/4. முதல் குவாலிஃபையரில் தோற்று, 2ஆம் குவாலிஃபையரையும் இறுதியையும் வெல்வது மற்றொரு வழி. அதன் வாய்ப்பு 1/8. இரண்டையும் கூட்டினால் 3/8, அதாவது 37.5 சதவீதம். முதல் இரு அணிகளையும் சேர்த்தால் 75 சதவீதம். அணிகள் சம பலம் கொண்டிருந்தாலே இந்த அளவு சாய்வு உண்டு.

நடந்தது என்ன? 2011 முதல் 2025 வரை 15 தொடர்கள் இந்த முறையில் நடந்துள்ளன. பட்டியலில் 2ஆம் இடம் பெற்ற அணி 9 முறை கோப்பையை வென்றுள்ளது. முதலிட அணி 2017, 2019, 2020, 2022, 2024 ஆகிய 5 ஆண்டுகளில் வென்றுள்ளது. 3ஆம் இடத்து அணி ஒரே ஒரு முறை, 2016இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் மூலம் வென்றது. 4ஆம் இடத்து அணி ஒருமுறைகூட வென்றதில்லை. முதல் குவாலிஃபையரில் வென்ற அணி 15இல் 12 முறை கோப்பையைத் தூக்கியது. விதிவிலக்கான ஆண்டுகள் 2013, 2016, 2017.

ஆகவே "எப்படியாவது 4ஆம் இடத்தைப் பிடித்து உள்ளே போய்விட்டால் போதும், மற்றதைத் தோனி பார்த்துக்கொள்வார்" என்ற சென்னை ரசிகரின் பழைய நம்பிக்கை 2010க்குப் பொருந்தும், 2011க்குப் பின் அவ்வளவாகப் பொருந்தாது. சென்னை அணியின் வரலாறே இதற்குச் சான்று. 2012இல் சென்னை 4ஆம் இடத்தில் நுழைந்து, எலிமினேட்டரிலும் 2ஆம் குவாலிஃபையரிலும் வென்று, சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டிக்கு வந்தது. அங்கே கொல்கத்தாவிடம் 5 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

அமெரிக்கக் கால்பந்துடன் ஒப்பீடு

பிளேஆஃப் கணிப்பு உலக அளவில் பெரிதாக நடப்பது அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில்தான். அங்கு 32 அணிகள் உள்ளன. 2020 பருவம் முதல் 14 அணிகள் பிளேஆஃப்புக்குத் தகுதி பெறுகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் முதலிட அணிக்கு மட்டும் முதல் சுற்றில் ஓய்வு கிடைக்கும். அதன்பின் தோற்றவர் எவராயினும் வெளியேற வேண்டியதுதான். இறுதிப் போட்டி சூப்பர் பவுல் எனப்படுகிறது.

மறுவாய்ப்பு இல்லாத இம்முறை, ஐ.பி.எல்.லின் அரையிறுதிக் காலத்தை ஒத்தது. 2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி லீக் சுற்றின் 16 ஆட்டங்களையும் வென்றது, பிளேஆஃப்பிலும் 2 ஆட்டங்கள் வென்றது. 2008 பிப்ரவரி 3 அன்று இறுதிப் போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம் 17–14 என்று தோற்றது. 18 வெற்றிக்குப் பின் வந்த அந்த ஒரு தோல்விதான் இன்று நினைவில் நிற்கிறது.

அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற கணிப்பு ஒரு வீரருடையது. 1969 ஜனவரியில், பலம் மிக்க பால்டிமோர் கோல்ட்ஸ் அணியைத் தம் நியூயார்க் ஜெட்ஸ் வெல்லும் என்று ஜோ நேமத் உறுதியாகச் சொன்னார். ஜெட்ஸ் 16–7 என்று வென்றது. ஆனால் இதைக் கணிப்பு எனக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. தம் அணி வெல்லும் என்று சொல்லித் தோற்ற வீரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் சொன்னது வரலாற்றில் பதிவாகவில்லை. பலித்த வாக்கு மட்டும் நிற்பதால், வாக்குகள் எல்லாம் பலிப்பதுபோல் தோன்றுகிறது.

இதற்கு இணையான உள்ளூர் உதாரணம் பெங்களூரு ரசிகர்களின் "ஈ சாலா கப் நம்தே" என்ற முழக்கம். இந்த ஆண்டு கோப்பை நமதே என்பது இதன் பொருள். ஆண்டுதோறும் சொல்லப்பட்டு, ஆண்டுதோறும் பொய்த்த இந்த வாக்கைச் சென்னை ரசிகர்கள் வேடிக்கையாகப் பேசுவது உண்டு. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று, 18ஆவது தொடரில் பெங்களூரு முதல் கோப்பையைப் பெற்றது. வாக்கு பலித்தது உண்மைதான். ஆனால் எல்லா ஆண்டும் ஒரே விடையை எழுதும் மாணவருக்கு ஒருநாள் மதிப்பெண் கிடைப்பதும் உண்மைதான்.

நிகர ரன் ரேட்

அணிகள் சம புள்ளியில் நின்றால், முதலில் வெற்றிகளின் எண்ணிக்கையும் பின்னர் நிகர ரன் ரேட்டும் பார்க்கப்படும். மே மாதக் கணிப்புகள் பெரும்பாலும் இதில்தான் தடுமாறுகின்றன. ஓர் அணி ஓர் ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, அது ஓர் ஓவருக்கு விட்டுக்கொடுத்த சராசரி ரன்னைக் கழித்தால் கிடைப்பதே நிகர ரன் ரேட்.

உதாரணமாக, ஓர் அணி 20 ஓவரில் 180 ரன் எடுக்கிறது. எதிரணி 18 ஓவரில் 150 ரன்னுக்கு எல்லா விக்கெட்டையும் இழக்கிறது. இங்கே 150ஐ 18ஆல் வகுக்கக் கூடாது. எல்லாரும் ஆட்டமிழந்தால் முழு 20 ஓவரும் ஆடியதாகவே கொள்ள வேண்டும். ஆகவே 180/20 = 9. 150/20 = 7.5. வித்தியாசம் 1.5. வென்ற அணிக்கு +1.5, தோற்ற அணிக்கு –1.5. தொடர் முழுவதற்கும் கணக்கிடும்போது எல்லா ஆட்டங்களின் ரன்களையும் ஓவர்களையும் தனித்தனியே கூட்டிய பின்பே வகுக்க வேண்டும். ஆட்டவாரியான ரன் ரேட்டுகளைச் சராசரி எடுப்பது பலர் செய்யும் பிழை.

இந்தத் தசமப் புள்ளிகள் பல அணிகளை ஏற்றியும் இறக்கியும் இருக்கின்றன. 2012இல் சென்னை தன் லீக் ஆட்டங்களை 17 புள்ளிகளோடு முடித்துவிட்டுக் காத்திருந்தது. அதே 17 புள்ளியில் இருந்த பெங்களூரு, மே 20 அன்று தன் கடைசி ஆட்டத்தில் டெக்கான் சார்ஜர்ஸிடம் தோற்றது. ரன் ரேட்டில் முந்திய சென்னை உள்ளே வந்தது. அன்று சென்னை அணி ஒரு பந்துகூட வீசவில்லை.

2014 மே 25 அன்று மும்பையில் நடந்தது இன்னும் விநோதமானது. ராஜஸ்தான் எடுத்த 189 ரன்னை மும்பை 14.3 ஓவரில் தாண்டினால்தான் ரன் ரேட்டில் முந்த முடியும். 14.3 ஓவர் முடிவில் மும்பையின் எண்ணிக்கை சரியாக 189. ஆட்டம் முடிந்தது என்று சிலர் எண்ணினர். அடுத்த பந்தை எல்லைக்கு அனுப்பினால் இன்னும் வழி உண்டு என்று கணக்கு சொன்னது. ஆதித்ய தாரே அந்தப் பந்தை சிக்ஸருக்கு அடித்தார். ராஜஸ்தான் ஆலோசகர் ராகுல் டிராவிட் தொப்பியைத் தரையில் வீசிய காட்சி அன்றைய கணக்கின் கடுமையைக் காட்டியது. அந்தத் தொடரில் மும்பை முதல் 5 ஆட்டங்களிலும் தோற்ற அணி என்பதையும் இங்கு நினைவுகொள்ள வேண்டும்.

பாசம் கணக்கை மறைக்கும் விதம்

சென்னை ரசிகரின் கணிப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. "சென்னை கட்டாயம் பிளேஆஃப் போகும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கள் நீண்ட காலம் சரியாகவே சொன்னார்கள். 2008 முதல் 2015 வரை 8 தொடர்களிலும், மீண்டும் 2018, 2019 தொடர்களிலும் சென்னை முதல் 4 இடத்துக்குள் வந்தது. ஆடிய முதல் 10 தொடர்களில் 10 முறை. அவற்றுள் 8 முறை இறுதிப் போட்டி. இந்நிலையில் பாசத்துக்கும் அறிவுக்கும் வேறுபாடு தெரியாமல் போனது இயல்பே.

2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த தொடரில் சென்னை 7ஆம் இடம் பெற்று முதல் முறையாக வெளியேறியது. அடுத்த ஆண்டு அதே நாட்டில், துபாயில், கொல்கத்தாவை 27 ரன்னில் வென்று கோப்பையைப் பெற்றது. 2022இல் 9ஆம் இடம். 2023இல் மீண்டும் கோப்பை. 2024இல் 5ஆம் இடம். 2025இல் 10 அணிகளில் கடைசி இடம். 2020 முதல் 2025 வரையிலான 6 ஆண்டுகளில் சென்னை ஒன்று வென்றது, அல்லது பிளேஆஃப்புக்கே வரவில்லை. இடைநிலை முடிவே இல்லை. இந்த 6 ஆண்டுகளில் "சென்னை உள்ளே வரும்" என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதியவர் 4 முறை தவறினார். "வராது" என்று 2020க்குப் பின் எழுதத் தொடங்கியவர் 2 கோப்பைகளைத் தவறவிட்டார்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. சென்னை வென்ற 5 கோப்பைகளுள் ஒன்றுகூட முதலிடத்தில் இருந்து பெற்றது அன்று. 2010இல் 3ஆம் இடம், 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் 2ஆம் இடம். முதலிடம் பெற்ற 2013, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் இறுதிப் போட்டியில் மும்பையிடம் தோற்றது. பட்டியலின் உச்சியில் நம் அணியைக் கண்டதும் இனிப்பு வாங்கப் புறப்படுவது சென்னையில் 2 முறை பொய்த்த கணிப்பு.

2023 இறுதிப் போட்டி பாசத்துக்கு வேறொரு சோதனை வைத்தது. குஜராத் அணிக்காக 47 பந்துகளில் 96 ரன் அடித்தவர் சென்னையைச் சேர்ந்த சாய் சுதர்சன். மழையால் 15 ஓவருக்கு 171 ரன் என்று மாற்றப்பட்ட இலக்கில், கடைசி 2 பந்துகளில் சென்னைக்கு 10 ரன் தேவைப்பட்டது. ரவீந்திர ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். 2019 இறுதிப் போட்டியில் கடைசிப் பந்தில் 2 ரன் தேவைப்பட, விக்கெட் விழுந்து சென்னை 1 ரன்னில் தோற்றிருந்தது. இரண்டு போட்டிகளிலும் கடைசிப் பந்து வரை கணிப்பு எதுவும் உறுதிப்படவில்லை.

கணிப்பும் பந்தயமும்

கணிப்பில் தவறினால் ரசிகர் இழப்பது கொஞ்சம் கௌரவம் மட்டுமே. அதே கணிப்பில் பணம் சேர்ந்தால் அது பந்தயம் ஆகிறது. இதன் விலையைச் சென்னை நேரில் அறிந்தது. 2013இல் வெளிவந்த ஐ.பி.எல். பந்தய, சூதாட்ட விவகாரத்தைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆர்.எம். லோதா குழு, 2015 ஜூலை 14 அன்று சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமை நிறுவனங்களை 2 ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. 2016, 2017 தொடர்கள் சென்னை அணி இல்லாமலே நடந்தன. தோனி புனே அணிக்கும், சுரேஷ் ரெய்னா குஜராத் அணிக்கும் ஆடினர். ஆடாத ரசிகர்கள் 2 கோடைகளை இழந்தனர்.

முடிவை முன்கூட்டிச் சொல்வது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியும் சென்னையிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுநரின் திறன் ஆகியவற்றை ஆராய்ந்து கணிப்பதால் குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது என்று 1996இல் தீர்ப்பளிக்கப்பட்டது. பிற்காலத்தில் கைப்பேசி வழி வந்த விளையாட்டு நிறுவனங்களும் இதே 'திறமை' வாதத்தை முன்வைத்தன.

ஆனால் திறமையானவரும் தொடர்ந்து பணம் கட்டினால் கடனில் விழலாம். இணையவழிச் சூதாட்டத்தால் நேர்ந்த தற்கொலைகளை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரையின் பேரில் தமிழ்நாடு அரசு 2022இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பார்க்காமல் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்தது. மேலே கண்ட கணக்குகளின்படி பார்த்தாலும் இதன் நியாயம் புரியும். முதல் 2 அணிகளுக்கே 75 சதவீத வாய்ப்பு என்றால், அவற்றுள் சரியான ஒன்றை எடுப்பதற்கான வாய்ப்பு பாதிக்கும் குறைவு. பட்டியலை நன்கு படித்தவரும் தோற்பதற்கே அதிக வாய்ப்பு.

2024 மே 18: ஒரு கணிப்பின் சோதனை

இதுவரை சொன்னவை அனைத்தும் ஒரே இரவில் சோதிக்கப்பட்ட நாள் 2024 மே 18. பெங்களூருவில் சென்னையும் பெங்களூருவும் கடைசி லீக் ஆட்டத்தில் மோதின. சென்னைக்கு 14 புள்ளிகள், பெங்களூருவுக்கு 12. முதல் 8 ஆட்டங்களில் 7 தோற்ற பெங்களூருவை ஏப்ரல் இறுதியில் ஏறக்குறைய எல்லாரும் கணக்கிலிருந்தே நீக்கியிருந்தனர். அதன்பின் அது தொடர்ந்து 5 ஆட்டங்கள் வென்று வந்திருந்தது. மார்ச் 22 அன்று சேப்பாக்கத்தில் நடந்த தொடக்க ஆட்டத்தில் இதே பெங்களூருவைச் சென்னை வென்றிருந்தது.

காகிதத்தில் சென்னைக்கு 3 வழிகள் இருந்தன. வென்றால் போதும். மழையால் ஆட்டம் நின்றாலும் போதும். குறைந்த ரன் வித்தியாசத்தில் தோற்றாலும் போதும். பெங்களூருவுக்கு ஒரே வழிதான். முதலில் ஆடினால் சுமார் 18 ரன் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 3 வழி உள்ள அணிக்கே வாய்ப்பு அதிகம் என்று சொன்னவர் கணக்கின்படி தவறாகச் சொல்லவில்லை.

பெங்களூரு 218 ரன் எடுத்தது. வெல்ல 219 தேவை. தோற்றாலும் உள்ளே போக 201 போதும். கடைசி ஓவர் தொடங்கும்போது அந்த 201க்கு 17 ரன் தேவைப்பட்டது. யஷ் தயாள் வீசிய முதல் பந்தைத் தோனி சிக்ஸருக்கு அனுப்பினார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். மீதிப் பந்துகளில் 1 ரன் மட்டுமே வந்தது. சென்னை 191இல் நின்றது.

தொடரின் இறுதியில் சென்னை, பெங்களூரு, டெல்லி, லக்னோ ஆகிய 4 அணிகளும் 14 புள்ளியில் சமமாக நின்றன. ரன் ரேட்டில் முந்திய பெங்களூரு 4ஆம் இடத்தைப் பிடித்தது. அதுவும் எலிமினேட்டரில் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது. 4ஆம் இடத்திலிருந்து கோப்பை வந்ததில்லை என்ற கணக்கு மாறவில்லை. மே 26 அன்று இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில் நடந்தது. முதலிடம் பெற்ற கொல்கத்தா ஹைதராபாத்தை 113 ரன்னுக்குச் சுருட்டி 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. முதல் குவாலிஃபையரில் வென்றதும் அதே கொல்கத்தாதான்.

அந்த ஆண்டு முதல் குவாலிஃபையரைப் பார்த்துக் கணிப்பை முடிவுசெய்தவர், சென்னை இல்லாத வருத்தத்தோடு சரியான விடையை எழுதியிருப்பார். கணிப்பை ஆட்டத்துக்கு முன் தேதியோடு எழுதி வைப்பதும், காரணத்தை ஒரு வரியில் குறிப்பதும், தவறியதை அழிக்காமல் விடுவதும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. அடுத்த மே மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், எத்தனை வரிகள் விரிச்சி, எத்தனை வரிகள் கணக்கு என்பது எழுதியவருக்கே தெரிந்துவிடும்.